சாவடியும் சுவடியும்

அன்று செப்டம்பர் 21, புனித மத்தேயுவின் திருநாள். காலைத் திருப்பலியில் வழக்கம்போல் சிறியதொரு மறையுரை ஆற்றினேன். சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த ஒருவரை ஆண்டவர் அழைத்தார். அவர் எழுந்து பின்சென்றார். சுங்கம் தண்டியவர்களை அக்கால மக்கள் பாவிகளோடு சேர்த்தே எண்ணினர் என்று, எல்லாரும் அறிந்த செய்தியையே சொல்லி முடித்தேன். திருப்பலி முடிந்து திருவுடையைக் களைந்து வெளியே வந்தபோது ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். எழுபதைக் கடந்தவர். கோவிலில் ஒருநாளும் முன்வரிசையில் அமராதவர். வலப்புறத்துத் தூணருகே நின்றே திருப்பலி காண்பவர்.

"ஃபாதர், எங்கள் துறையைப் பற்றி இவ்வளவு குறைவாகச் சொல்லிவிட்டீர்களே! நற்செய்தி எழுதிய நால்வருள் ஒருவர் சுங்கக்காரர். கணக்கும் குறிப்பும் எழுதிப் பழகிய கை. அதனால்தானே எழுத முடிந்தது?" என்றார்.

அந்த நற்செய்தியை இன்றுள்ள வடிவில் எழுதியவர் யார் என்பதில் விவிலிய அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று பூவிருந்தவல்லிக் குருமடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொல்லி, காலை வேளையில் ஒருவரின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. சிரித்தேன்.

அவர் சென்னைத் துறைமுகத்திற்கு எதிரேயுள்ள கஸ்டம்ஸ் ஹவுசில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். பணிமூப்புக்கு முன்பே விருப்ப ஓய்வு பெற்று, கைக்கு வந்த பணத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறையொன்றைத் தொடங்கினார். சுற்றியுள்ள கம்பெனிகள் தங்கள் உதிரிபாகங்களை அடைத்து அனுப்பப் பெட்டி வேண்டும். அதைச் செய்து கொடுப்பது இவர் தொழில். இப்பொழுது மகன் கவனிக்கிறார். பட்டறையின் பின்புறத்தில், இரும்பு அலமாரிகள் ஐந்தாறு நிற்கும் ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் அவருடைய உண்மையான தொழில்.

பழைய செபப்புத்தகங்கள், தவக்காலப் புலம்பல் பாடல்கள், கிராமத்துப் பாஸ்கு நாடகக் கையெழுத்து நோட்டுகள், உபதேசியார்கள் எழுதி வைத்த ஞானப்பாட்டுகள், கரையான் தின்ற பனையோலைகள் சில. பழைய பேப்பர் கடைகளிலும், இறந்தோர் வீட்டு அட்டாலியிலும், இடித்துக் கட்டப்படும் கோவில்களின் சாமான் அறைகளிலும் தேடி எடுத்தவை. ஒவ்வொன்றும் அவர் பட்டறையிலேயே செய்த அட்டைப்பெட்டிக்குள் துணியில் சுற்றப்பட்டிருக்கிறது. பெட்டியின் மேல் ஒரு சீட்டு. எந்நாளில், எவரிடமிருந்து, எந்த ஊரில், எந்நிலையில் கிடைத்தது. கொடுத்தபோது உடனிருந்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பிடிபட்ட சரக்குக்கு எழுதும் மகஜரின் நடை அப்படியே இருந்தது!

"பழக்கம், ஃபாதர்" என்றார். "ஒரு மூட்டை வந்தால் நாங்கள் மூன்று கேள்விகள் கேட்போம். எங்கிருந்து வந்தது, யாருடையது, எங்கே போகிறது. அந்த மூன்றுக்கும் விடையில்லாத பொருளை நாங்கள் நம்புவதில்லை."

அன்று அவர் காத்திருந்ததற்குக் காரணம் மத்தேயு அல்லர் என்பது பிறகே விளங்கியது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, "நீங்கள் குருவானவரான புதிதில் அங்கே உதவிப் பங்குத்தந்தையாக இருந்தீர்களாமே? அந்த ஊரில் பழைய பாஸ்கு நாடக ஏடு ஒன்று இருந்தது என்று கேள்விப்பட்டேன். நோட்டும், கொஞ்சம் ஓலையும். அதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். ஆனால் "நினைவில்லை" என்றேன். பீடத்தின் மெழுகுதிரி இன்னும் அணைக்கப்படாத நேரத்தில், திருநற்கருணை அருந்திய வாயால், அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கண்டெய்னரைத் திறந்து பார்க்காமலே உள்ளே என்ன என்று ஊகிக்கும் கண்கள் அவை. பிறகு, "சரி ஃபாதர். எங்கள் துறையில் இன்னொருவரும் உண்டு. அவரைப் பற்றிப் படித்துப் பாருங்கள்" என்று சொல்லிப் பையிலிருந்து சில நூல்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இன்னொருவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். தமிழில் தம் பெயரை எல்லீசன் என்று எழுதிக்கொண்ட ஆங்கிலேயர். பள்ளியில் தமிழாசிரியர் வாயிலாக அவர் பெயரைக் கேட்டிருந்தேன். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த துரை என்ற அளவில் அறிந்திருந்தேன். அவர் சுங்க அதிகாரியாக இருந்தவர் என்பதும், நம் திருச்சபைக்குப் பெருங்கடன் பட்டவர்களில் அல்ல, திருச்சபையே கடன்பட்டவர்களில் ஒருவர் என்பதும் எனக்குத் தெரியாமலே போயிருந்தன.

1777இல் பிறந்த எல்லிஸ், 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். வருவாய் வாரியத்தில் படிப்படியாக உயர்ந்து, மசூலிப்பட்டினத்தில் நீதிபதியாக இருந்து, 1809இல் சென்னை மாகாணத்தின் தரைவழிச் சுங்கத்திற்குக் கலெக்டரானார். கடல்வழிச் சுங்கம் வேறு, தரைவழிச் சுங்கம் வேறு. அந்நாளில் ஒரு வண்டிச் சரக்கு ஊர்விட்டு ஊர் சென்றால் வழியெங்கும் சாவடிகள் நின்றன, ஒவ்வொன்றிலும் தீர்வை. வணிகரையும் குடியானவரையும் வாட்டிய இந்த உள்நாட்டுச் சுங்கம் 1844இல்தான் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. சாவடி என்ற சொல் மட்டும் போகவில்லை. வானகரத்தில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் நம் ஊர் ஓட்டுநர்கள் என்ன சொல்லி முணுமுணுக்கிறார்களோ, அதையேதான் அன்றைய வண்டிக்காரனும் முணுமுணுத்திருப்பான்.

தமிழருக்கு இது புதிய துறையுமன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சோழனின் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட காவலர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் நின்றது. வரி போட்ட மன்னர் எத்தனையோ பேர் இருக்க, வரியை விட்டவன் பெயரைத்தான் மக்கள் நினைவில் வைத்தார்கள். வள்ளுவரும் அரசனின் பொருள்களை எண்ணுமிடத்தில் சுங்கப் பொருளை விட்டுவிடவில்லை. 'உல்கு' என்ற பழஞ்சொல்லால் அதைச் சொல்கிறார். அது பொருட்பாலில் 76ஆம் அதிகாரத்தில் வருவது. குறளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விரிவுரையும் எழுதத் தொடங்கிய எல்லிஸ் அறத்துப்பாலின் முதல் 13 அதிகாரங்களோடு நின்றுவிட்டார். தம் துறையின் பெயர் வள்ளுவர் வாக்கில் வருமிடத்துக்கு உரையெழுத அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் எழுதியவற்றைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மீண்டும் வெளியிட்டது.

சுங்கத்துறையில் அவர் இருந்தது ஏறத்தாழ ஓராண்டுதான். 1810இல் சென்னையின் கலெக்டராகி, சாகும்வரை அப்பதவியில் இருந்தார். ஆயினும் சுங்கக்காரரின் அந்த மூன்று கேள்விகளை அவர் விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1812இல் கல்லூரி ஒன்று அமைந்தது. இங்கே வரும் இளம் ஆங்கில அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. அதற்கு உயிராக நின்றவர் எல்லிஸ். தமிழ்ப் புலவரும் தெலுங்குப் பண்டிதரும் வடமொழி வல்லாரும் அங்கே ஒரே கூரையின்கீழ்க் கூடினர். அங்கேதான் அவர் சொற்களை மூட்டை பிரித்துப் பார்த்தார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாருடையது? தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலான மொழிகளின் வேர்ச்சொற்களை வடமொழித் தாதுக்களோடு நிறை போட்டுப் பார்த்து, இவை தமக்குள் ஒரு குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று கண்டார். ஏ. டி. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்திற்கு முன்னுரையாக 1816இல் அது அச்சாயிற்று. கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். நாற்பது ஆண்டுகள் முன்னதாக ஒருவர் சொல்லியிருந்தும், அந்த முன்னுரை இன்னொருவர் நூலின் முகப்பில் ஒதுங்கிக் கிடந்தமையால் பெரிதும் கவனிக்கப்படாமல் போயிற்று. தாமஸ் டிரவுட்மன் 2006இல் எழுதிய நூலுக்குப் பின்னரே பலரும் அதைப் பேசுகின்றனர்.

நமக்கு நெருங்கிய செய்தி இனித்தான் வருகிறது.

வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் கொன்ஸ்தான்சு பெஸ்கி அடிகளார் தேம்பாவணியையும், தொன்னூல் விளக்கத்தையும், 1732இல் சதுரகராதியையும் தந்து சென்றவர். அவர் மறைவுக்குப் பின் அந்த ஏடுகள் என்னவாயின என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையையே கலைத்துவிட்டார். தாய்வீடு இடிந்தால் பெட்டி பேழைகள் எங்கே போகும்? அடிகளாரின் ஏடுகள் தெற்கே ஊர் ஊராக, உபதேசியார் வீடுகளிலும் கோவில்பிள்ளைகள் வீடுகளிலும் சிதறிக் கிடந்தன. ஓதத் தெரிந்தவர் வீட்டில் தப்பின. தெரியாதவர் வீட்டில் புழுத்தன.

அவற்றைத் தேடிப் பிடிக்க 1816இல் ஒருவரைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார் எல்லிஸ். அவர் கல்லூரியின் மேலாளராக இருந்த புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. நம்மவர், கத்தோலிக்கப் பொதுநிலையினர். இரயில் இல்லாத காலம். வண்டியிலும் கால்நடையிலும் சென்று, தயங்கியவர்களிடம் பேசி, ஏடுகளைப் பெற்றும் படியெடுத்தும் வந்திருக்க வேண்டும். அந்த அலைச்சலில் திரட்டிய செய்திகளைக் கொண்டு வீரமாமுனிவரின் வரலாற்றை அவரே 1822இல் தமிழில் எழுதினார். 1840இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. பெஸ்கி அடிகளைப் பற்றி நாம் இன்று மேடைகளில் முழங்கும் பல செய்திகளுக்கு ஊற்றுக்கண் அந்தச் சிறு நூலே. சதுரகராதி 1824இல் அச்சாயிற்று. தேம்பாவணி புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த அதிகாரி ஒருவர் கேட்க, புதுச்சேரிக் கத்தோலிக்கர் ஒருவர் நடக்க, பெயர் தெரியாத உபதேசியார்கள் எடுத்துக் கொடுக்க, நமக்கு மிஞ்சியவை இவை. இந்த மூவருள் முதலாமவருக்கு வரலாற்றில் இடமுண்டு. இரண்டாமவருக்கு அடிக்குறிப்பில் இடமுண்டு. மூன்றாமவருக்கு எங்கும் இடமில்லை.

எல்லிசின் பார்வைக்குத் தப்பாத இன்னொரு சரக்கும் உண்டு. அது நமக்குச் சற்றுச் சங்கடமானது. 'எசூர் வேதம்' என்றொரு நூலின் கைப்படி 1760இல் வால்டேரின் கைக்குச் சென்றது. இந்தியரின் தொன்மையான மறை இது என்று நம்பி, அதைத் திருச்சபைக்கு எதிராகவே அவர் எடுத்தாண்டார். 1778இல் பிரெஞ்சில் அச்சும் ஆயிற்று. புதுச்சேரியில் மறைப்பணியாளர் வசமிருந்த கைப்படிகளை எல்லிஸ் நேரில் ஆராய்ந்து, இது வேதமன்று, வேதத்தின் போலி, கிறித்தவ மறைப்பணியாளர் ஒருவரின் ஆக்கம் என்று காட்டினார். அந்தக் கட்டுரை அவர் மறைந்தபின் 1822இல் வெளிவந்தது. திருச்சபையைத் தாக்க வால்டேர் தூக்கிய கத்தி நம் பட்டறையில் அடித்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனால் எல்லிஸ் அதோடு நில்லாமல், அதன் மூலம் தத்துவபோதக சுவாமிகளான இராபர்ட் தெ நொபிலியுடையது என்றும் கருதினார். இதைப் பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. அது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருக்களின் வட்டத்தில் தோன்றியது என்பதே இன்றைய கருத்து. போலிச் சரக்கைச் சரியாகப் பிடித்தவர், அனுப்பியவர் பெயரைத் தவறாக எழுதிவிட்டார். மதுரையில் அவ்வளவு பாடுபட்ட நொபிலி அடிகளார் மீது அந்தச் சீட்டு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி குறளுக்கு வருகிறேன். ஓலையிலிருந்த திருக்குறள் எல்லிசின் கைக்கு எப்படி வந்தது? அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) தம் எழுத்தில் ஒரு செய்தி தருகிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்ற ஆங்கிலத் துரையிடம் பட்லராக இருந்தார். தம் வீட்டில் வழிவழியாகக் காத்துவந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைகளை அவரே கொடுக்க, அவை எல்லிசிடம் சேர்ந்தன என்பது அச்செய்தி. சாதியின் பெயரால் படிப்பு மறுக்கப்பட்ட மக்களின் வீட்டில் வள்ளுவர் வாழ்ந்திருக்கிறார்! சமையற்கட்டின் வழியாகத்தான் அவர் துரையின் மேசைக்கு வந்திருக்கிறார்! முதன்முதலாகத் திருக்குறள் அச்சேறியது 1812இல், நம் சென்னையில். அச்சிட்டவர் தஞ்சை மலையப்ப பிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன்.

எல்லிசுக்கு வள்ளுவர் மீது இருந்த பற்றுக்கு வேறு சான்றுகளும் உண்டு. வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசுகள் அவர் காலத்தில் அடிக்கப்பட்டவை என்று ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து சொன்னார். 1818இல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது எல்லிஸ் 27 கிணறுகள் வெட்டினார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோவில் கிணற்றில் அவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டில், நாட்டின் உறுப்புகளைச் சொல்லும் குறளொன்று நடுவே வருகிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்து நின்ற கோடைகளை அறிந்த அம்பத்தூர்வாசிகளுக்கு, குறளை மேற்கோள் காட்டிக் கிணறு வெட்டிய கலெக்டர் எவ்வளவு அருமையானவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தவர் தம் எழுத்துகளை அச்சிட அவசரப்படவில்லை. நாற்பது வயது வரை பெரிதாக எதையும் வெளியிடுவதில்லை, அதுவரை கற்றுக்கொள்வதே கடமை என்று உறுதி பூண்டிருந்தாராம். நாற்பதும் வந்தது. 1819 மார்ச்சில், சுற்றுப்பயணத்தில் இராமநாதபுரம் சென்றிருந்தபோது இறந்தார். மருந்தென்று எண்ணி நஞ்சை உட்கொண்டதாகச் சொல்வர்; வாந்திபேதி என்று எழுதியவரும் உண்டு. சேர்த்து வைத்திருந்த குறிப்புகள், மொழிபெயர்ப்புகள், ஆய்வுகள் எல்லாம் மதுரைக் கலெக்டர் பெட்ரியின் மாளிகைக்குப் போயின. அங்கே அவை பல மாதங்கள் சமையற்காரருக்கு அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று பின்னாளில் சர் வால்டர் எலியட் எழுதினார். தப்பியவற்றில் சிலவற்றை எலியட் தேடிச் சேர்த்து ஜி. யு. போப்பிடம் கொடுக்க, அவை இன்று ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

இந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். ஒரு துரையின் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து குறள் வந்தது. இன்னொரு துரையின் வீட்டுச் சமையற்கட்டில் குறளுக்கு எழுதிய உரை எரிந்தது. அந்தச் சமையற்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு எரியவேண்டும், துரைக்கு நேரத்தில் சாப்பாடு போகவேண்டும் என்பது அவர் கவலை. அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. எனக்கோ படிக்கத் தெரியும்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, கீவ் நகருக்கு அருகிலுள்ள இவான்கிவ் என்ற சிற்றூரின் அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தது. மரியா பிரைமாசென்கோ என்ற கிராமத்துப் பெண் ஓவியரின் படைப்புகள் அங்கே இருந்தன. கண்ட கனவையெல்லாம் விந்தையான விலங்குகளாகத் தீட்டியவர், 1997இல் மறைந்தவர். ஊர்க்காரர்கள் எரியும் கட்டடத்துக்குள் புகுந்து ஓவியங்கள் சிலவற்றை வெளியே கொண்டுவந்தார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். அன்றைய திருப்பலியில் அந்த ஊர் மக்களுக்காக மன்றாடினேன். மன்றாடும்போதே உள்ளுக்குள் ஏதோ குத்தியது. என்ன என்று அப்போது நின்று பார்க்கவில்லை.

1996ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்ற புதிது. செங்கல்பட்டுப் பக்கத்து அந்தச் சிற்றூரில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குத்தந்தை வெளியூர் சென்றிருந்தார். ஆயர் வரவிருந்ததால் எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது என் ஆசை. கோவில் சாமான் அறையில் உடைந்த சுரூபங்கள், கிழிந்த கொடிகள், கரையான் புற்று. ஒரு மரப்பெட்டிக்குள் பழந்துணியில் சுற்றிய நோட்டுகளும் ஓலைகளும் இருந்தன. இரண்டு பக்கம் புரட்டினேன். பாஸ்கு நாடகத்தின் பாட்டும் வசனமும், மரியன்னையின் புலம்பல், பழைய எழுத்து, புள்ளியில்லாத மெய்கள். விவிலியத்தில் இல்லாத கதைகளும் இடையிடையே இருந்தன. இறையியல் படித்து முடித்த இளங்குருவுக்கு இவை திருத்தப்பட வேண்டிய பாமர பக்தியாகத் தோன்றின. சங்க ஏடுகளையும் திருச்சங்க ஏடுகளையும் மதிக்கக் கற்றுத் தந்த படிப்பு, இந்த ஏட்டைத் தூசியாகக் காட்டிவிட்டது. இல்லை, பழியைப் படிப்பின்மேல் போடுவானேன்! நான் அவசரத்தில் இருந்தேன்.

கோவிலின் பின்புறம் தீ மூட்டச் சொன்னேன். குப்பையோடு குப்பையாக அதுவும் போயிற்று. ஓலை எரியும்போது வெடிக்கும் ஓசை ஒன்று உண்டு. சிறு சிறு கொட்டுப்போல. ஊரின் முதிய உபதேசியார் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கட்டியிருந்தார். "என்ன உபதேசியாரே, அறை சுத்தமாகிவிட்டதா?" என்று கேட்டேன். "ஆச்சுங்க சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு குருவானவரிடம் 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் வழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. அந்தப் பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே எண்ணிப் பார்த்தேன். நான் கேட்டவுடன் அவரே அவிழ்த்துக் கொடுத்த சாவி அது.

நூல்களைத் திருப்பிக் கொடுக்கத் தொழிற்பேட்டைக்குப் போனேன். மதிய நேரம். பட்டறையில் அட்டை வெட்டும் எந்திரம் ஓய்ந்திருந்தது. பின்னறையில் அவர் ஒரு புலம்பல் நோட்டின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "நினைவில்லை" என்று நான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்து. ஆயிரம் பேருக்குப் பாவமன்னிப்பு வழங்கியவனுக்கு, நாற்காலியின் மறுபக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, தேற்றவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீளமான பதிவேடு ஒன்றை எடுத்தார்.

"கஸ்டம்சில் அழிக்கிற சரக்குக்கும் பதிவு உண்டு, ஃபாதர். இருக்கிறதை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது" என்று சொல்லி, வரிசை எண் 212 என்று போட்டார். ஊரின் பெயரை எழுதினார். பொருள்: பாஸ்கு நாடக ஏடு, நோட்டுகளும் ஓலைகளும். நிலை: எரிக்கப்பட்டது. ஆண்டு 1996. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். எதிரே காட்டிய கட்டத்தில் கையெழுத்திட்டேன்.

"உடனிருந்தவர்?" என்றார்.

உபதேசியாரின் பெயரைச் சொன்னேன். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

"அவருக்குப் பிள்ளைகள்?"

ஒரே மகள். ஆவடிக்கு அப்பால் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. சிறுமியாக இருந்தபோது புனித வெள்ளி இரவில் அந்தப் புலம்பலை அவர்தான் பாடுவாராம். தந்தை ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பாராம். இதை அந்த ஊரார் சொல்ல முன்பு கேட்டிருந்தேன். கேட்டும் கேளாதவன்போல் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

அவர் பதிவேட்டை மூடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, அட்டையில் 212 என்று மட்டும் எழுதி வைத்தார். வருகிற திங்கட்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் இருவரும் ஆவடிப் பக்கம் போவதாக இருக்கிறோம்.